பதம் கூடினால்தான் ஃபிங்கரைட்

மெக்கானிக் கடையில் கிடக்கும் ஸ்பானரை எடுத்துத் துடைத்துப் பாருங்கள். கொஞ்சம் நல்ல ரகமாக இருந்தால் பிடியில் ‘குரோம் வனேடியம்’ என்று பொறித்திருக்கும். எழுத்தின் பள்ளங்களில் கிரீஸ் ஏறிக் கறுத்துப்போயிருக்கும். எஃகில் வனேடியம் ஒரு துளி சேர்ந்தால் போதும், அது இறுகிவிடும். நட்டைத் திருகும்போது ஸ்பானர் வளையாது. செம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வீட்டுச் சுவர்களுக்குள் ஒயராக ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு உலோகங்களும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாகும் ஒரு கனிமம், உலகின் மிக அரிய கனிமங்களில் ஒன்றாக எண்ணப்படுகிறது. அதன் பெயர் ஃபிங்கரைட். சரக்கு மூன்றும் சாதாரணம் என்றால், அதில் அப்படி என்ன அருமை? மெதுவாகப் பார்ப்போம்.

முதலில், நம் எல்லோருக்குமே இருக்கும் ஒரு எண்ணத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ‘அரிய கனிமம்’ என்று கேட்டவுடன், அரிய பொருள்களால் ஆனது, அதனால் விலை உயர்ந்தது என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. தங்கத்தையும் வைரத்தையும் பார்த்து வளர்ந்த மனம் அல்லவா? தங்கம் விஷயத்தில் அது உண்மைதான், அந்தத் தனிமமே பூமியில் குறைவு. ஆனால் வைரம் வெறும் கரி. நாம் எரிக்கும் அடுப்புக்கரியில் இருக்கும் அதே தனிமம். அது கிடைக்கும் இடங்களும் உலகில் ஏராளம். கனிமவியலாளர் கணக்கில் வைரம் அரிய கனிமமே இல்லை. மாணிக்கமும் மரகதமும் கூட இல்லை. அவர்கள் ‘அரிது’ என்று சொல்வது விலையை வைத்து அல்ல. ஒரு கனிமம் உலகில் ஐந்து இடங்களிலோ அதற்கும் குறைவாகவோ மட்டும் கிடைத்தால், அதுதான் அவர்களுக்கு அரியது.

தனிமங்களின் அளவை ஒருமுறை எடைபோட்டுப் பார்த்துவிடுவோம். பூமியின் மேலோட்டில் சராசரியாக ஒரு டன் பாறை எடுத்தால், அதில் வனேடியம் சுமார் 120 கிராம் இருக்கும். செம்பு சுமார் 60 கிராம். தங்கம் சில மில்லிகிராம்தான். கவனித்தீர்களா, பெயரைக்கூடப் பலர் கேள்விப்படாத வனேடியம், எல்லோருக்கும் தெரிந்த செம்பைவிட அதிகமாகவே இருக்கிறது. சரக்கு இல்லாததால் ஃபிங்கரைட் அரிதாகிவிட்டது என்ற விளக்கம் இங்கேயே விழுந்துவிடுகிறது.

பிறகு எது குறைவு? இரண்டும் சந்திக்கும் வாய்ப்புதான் குறைவு. பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகும்போது ஒவ்வொரு தனிமமும் தனக்கு ஒத்துப்போகும் கூட்டாளியைத் தேடிப் போகும். செம்புக்குக் கந்தகத்தின் மேல் நாட்டம். இரும்பையும் கூட்டிக்கொண்டு கந்தகத்தோடு சேர்ந்து சால்கோபைரைட் போன்ற தாதுக்களாகப் படிந்துவிடும். வனேடியத்தின் போக்கு வேறு. அதன் அணு இரும்பு அணுவின் பருமனுக்குக் கிட்டத்தட்ட ஒத்திருப்பதால், மேக்னடைட் போன்ற இரும்பு ஆக்சைடுகளில் இரும்பு உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். அங்கே அது இருப்பதே வெளியில் தெரியாது. இப்படி ஒன்று கந்தகத்தோடு ஒரு பக்கம் போக, இன்னொன்று இரும்புக்குள் ஒளிந்துகொள்ள, இரண்டும் ஒரே பாறையில் இருந்தும் ஒன்றையொன்று தொடாமலே இருந்துவிடுகின்றன.

அவை சேர வேண்டுமானால் வனேடியம் அந்த ஒளிவிடத்தைவிட்டு வெளியே வர வேண்டும், அதோடு ஆக்சிஜனும் நிறையக் கிடைக்க வேண்டும். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்த வனேடியம் அணு தன்னைச் சுற்றி நான்கு ஆக்சிஜன்களை நிறுத்திக்கொள்ளும்: மூன்று கீழே முக்காலி போல், ஒன்று மேலே. நடுவில் வனேடியம். இந்தச் சின்ன நாற்கூம்புக்கு வனேடேட் என்று பெயர். வனேடேட்டோடு செம்பு சேர்ந்தால் செம்பு வனேடேட். ஈயம் சேர்ந்தால் ஈய வனேடேட்.

வனேடியம் மனிதருக்கு முதலில் அறிமுகமானதே ஒரு ஈய வனேடேட் வழியாகத்தான். 1801-இல் மெக்சிகோவில் ஆந்த்ரேஸ் மானுவேல் தெல் ரியோ என்ற கனிமவியலாளர் ஒரு பழுப்பு ஈயத் தாதுவுக்குள் புதிய தனிமம் இருப்பதைக் கண்டார். அதன் உப்புகள் சூடாக்கினால் சிவந்தன. அது வெறும் குரோமியம்தான் என்று பாரிசில் ஒரு வேதியியலாளர் தீர்ப்புச் சொல்லிவிட, தெல் ரியோவும் அதை ஏற்று விலகிக்கொண்டார். 1830-இல் ஸ்வீடனில் நில்ஸ் செஃப்ஸ்ட்ரோம் இரும்புத் தாதுவில் அதே தனிமத்தை மறுபடி கண்டுபிடித்து வனேடியம் என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டே இரண்டும் ஒன்றுதான் என்பதை ஃபிரெடரிக் வோலர் நிரூபித்தார். தெல் ரியோ முதலிலேயே சரியாகச் சொல்லியிருந்தார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கொஞ்சம் வருந்தத்தான் செய்கிறது.

இப்போது ஃபிங்கரைட்டின் ஊருக்குப் போவோம். மத்திய அமெரிக்காவில் எல் சல்வடோர் நாடு. அங்கே சாந்தா ஆனா என்ற பெரிய எரிமலையின் தென்சரிவில் 1770-இல் தரை பிளந்து ஒரு புதிய எரிமலை கிளம்பியது. பெயர் இசால்கோ. 1958 வரை, ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள், அது ஓயாமல் கக்கிக்கொண்டே இருந்தது. இரவில் அதன் நெருப்பைக் கடலில் போகும் கப்பல்கள் அடையாளமாகப் பார்த்துக்கொண்டதால் ‘பசிபிக்கின் கலங்கரை விளக்கம்’ என்று பெயர் வாங்கியது. அதைப் பார்க்கவென்றே எதிரே இருந்த செர்ரோ வெர்டே மலையில் ஓட்டல் கட்டினார்கள்; ஓட்டல் தயாராகும் நேரத்தில் எரிமலை அடங்கிவிட்டது. இன்று அது சுமார் 1,950 மீட்டர் உயரத்தில், செடிகொடி அதிகம் ஒட்டாத கருஞ்சாம்பல் கூம்பாக நிற்கிறது.

நெருப்பு அடங்கினாலும் உள்சூடு உடனே போய்விடாது. உச்சிப் பள்ளத்தில் இருந்த வெடிப்புகள் வழியே சூடான வாயு வந்துகொண்டே இருந்தது, சில இடங்களில் பல நூறு டிகிரிச் சூட்டில். நீராவி, கந்தக வாயு, குளோரின் சேர்ந்த ஆவிகள் எல்லாம் அதில் உண்டு. நமக்கு முக்கியமானது இதுதான்: இவ்வளவு சூட்டில் உலோகங்கள்கூடக் குளோரின் போன்றவற்றைப் பிடித்துக்கொண்டு ஆவியாகப் பயணம் செய்யும். ஆழத்தில் தனித்தனியாக இருந்த செம்பும் வனேடியமும் இப்படித்தான் ஒரே புகையில் ஏறி மேலே வருகின்றன. அந்தப் புகைக்குள் ஆக்சிஜன் குறைவு. வெடிப்பின் வாயை நெருங்கும்போது வெளிக்காற்று உள்ளே கலக்கிறது. சூடும் மளமளவென்று இறங்குகிறது. அந்தச் சில அடி தூரத்தில் வனேடியம் ஆக்சிஜனைப் பிடித்து வனேடேட் ஆகிறது, பக்கத்தில் இருக்கும் செம்போடு சேர்ந்து வெடிப்பின் சுவரில் படிகமாகப் படிகிறது. திரவ நிலை என்ற ஒன்றே இல்லாமல் ஆவியிலிருந்து நேராகத் திடப்பொருள்.

இதுவரை வந்துவிட்டால் ஃபிங்கரைட் கிடைத்துவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். உண்மையான கட்டுப்பாடு இனிமேல்தான். அதிரசம் செய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள், அரிசியும் வெல்லமும் எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது, பாகின் பதம்தான் வசப்படுவதில்லை என்று. ஒரு கிண்ணத் தண்ணீரில் பாகைச் சொட்டுவிட்டு விரலால் திரட்டிப் பார்ப்பார்கள். இளகலாக இருந்தால் மாவு எண்ணெயில் பிரிந்துபோகும். கொஞ்சம் முற்றிவிட்டால் அதிரசம் கல்லாகிவிடும். நடுவில் ஒரு குறுகிய இடம், அங்கே அடுப்பை அணைத்தால்தான் அதிரசம். செம்பும் வனேடியமும் சேரும் இடத்திலும் அப்படி ஒரு பதம் உண்டு. இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் அந்தப் பதம்.

ஒரே இசால்கோவின் வெடிப்புகளில், செம்பும் வனேடியமும் ஆக்சிஜனும் மட்டுமே கொண்ட ஒரு சிறு குடும்பமே கிடைத்திருக்கிறது. வனேடியம் ஒன்றுக்குச் செம்பு ஒன்று என்று அமைந்தால் கிடைப்பது சீசைட். அதே கலவை வேறு அடுக்கில் அமைந்தால் பிளாசைட். ஒன்றுக்கு ஒன்றரை என்றால் மக்பர்னியைட். ஒன்றுக்கு இரண்டரை என்றால் ஸ்டாய்பரைட். ஃபிங்கரைட் எங்கே? ஆறு வனேடியத்துக்குப் பதினொரு செம்பு. ஒன்றுக்கு 1.83. ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் நடுவில், ஒன்றரையை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. வரும் புகையில் செம்பு சற்றுக் குறைந்தால் படிவது மக்பர்னியைட் பக்கம் சாய்ந்துவிடும். ஏறினால் ஸ்டாய்பரைட் பக்கம். சூடும் ஒத்துவர வேண்டும், காற்றும் அளவாகக் கலக்க வேண்டும். எரிமலைப் புகை இதையெல்லாம் அளந்து கொடுப்பதில்லை, வெடிப்புக்கு வெடிப்பு, வாரத்துக்கு வாரம் அது மாறும்.

ஏன் இப்படிக் குறிப்பிட்ட விகிதங்களில் மட்டும் நிற்கிறது, 1.6 என்றோ 1.7 என்றோ ஒன்று ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. விடை அந்த நாற்கூம்புகளில் இருக்கிறது. செம்பு குறைவாக இருக்கும் சீசைட்டில் இரண்டு நாற்கூம்புகள் ஒரு மூலை ஆக்சிஜனைப் பங்குபோட்டுக்கொண்டு ஜோடியாக நிற்கின்றன. செம்பு கூடி மக்பர்னியைட் ஆகும்போது பங்கு தேவையில்லை, ஒவ்வொரு நாற்கூம்பும் தனித்து நிற்கிறது. இன்னும் செம்பு கூடினால், எந்த வனேடியத்துக்கும் சொந்தமில்லாத, செம்பைமட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் தனி ஆக்சிஜன்கள் வரத் தொடங்கும். ஃபிங்கரைட்டில் ஆறு நாற்கூம்புக்கு அப்படி இரண்டு ஆக்சிஜன். ஸ்டாய்பரைட்டில் இரண்டு நாற்கூம்புக்கே இரண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் மின்னேற்றக் கணக்கு நேராக வேண்டும், அணுக்கள் அத்தனையும் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப அடுக்கவும் முடிய வேண்டும். இரண்டும் பொருந்துகிற இடங்கள் சிலவே. நடுவில் ஒரு விகிதம் வந்து மாட்டினால் புதுக் கனிமம் உண்டாகாது, அக்கம்பக்கத்து இரண்டு கனிமங்களும் கலந்து படியும்.

பதினொரு செம்பு, ஆறு வனேடியம், இருபத்தாறு ஆக்சிஜன். எடையில் பார்த்தால் நூறு கிராம் ஃபிங்கரைட்டில் சுமார் 49 கிராம் செம்பு, 21.5 கிராம் வனேடியம், மீதி ஆக்சிஜன். நூறு கிராம் என்பது கணக்குக்காகச் சொன்னது. உண்மையில் கிடைத்த படிகங்கள் ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதி அளவுதான். கறுப்பு, உலோகப் பளபளப்பு. செம்பு சேர்ந்த கனிமம் என்றால் பச்சையோ நீலமோ எதிர்பார்ப்போம். அந்த நிறங்கள் பெரும்பாலும் தண்ணீர் சேர்ந்த செம்புக் கனிமங்களுக்குரியவை. சூட்டில் பிறந்த, துளி ஈரமும் இல்லாத ஃபிங்கரைட் ஒளியை விழுங்கிவிடுகிறது. கழுத்தில் அணிய ஆகாது. வெடிப்பின் சுவரில் ஒட்டிய கரித்தூள் என்று கடந்து போய்விடக்கூடிய தோற்றம்.

அப்படிக் கடந்துபோகாமல் எடுத்து ஆராய்ந்தவர்கள் இருந்தார்கள். டார்ட்மவுத் கல்லூரியின் ரிச்சர்ட் ஸ்டாய்பர் மத்திய அமெரிக்க எரிமலைகளின் வாயுக்களை நெடுங்காலம் ஆராய்ந்தவர். ஜான் ஹியூஸ் என்ற கனிமவியலாளரும் அவரோடு சேர்ந்து இசால்கோவின் வனேடியப் படிவுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஸ்டாய்பர் பெயரில் ஸ்டாய்பரைட் 1979-இல் வெளியானது. ஃபிங்கரைட் 1985-இல் ‘அமெரிக்கன் மினரலாஜிஸ்ட்’ இதழில் வெளிவந்தது. கார்னகி நிறுவனத்தின் புவியியற்பியல் ஆய்வகத்தில் இருந்த லாரி ஃபிங்கரைச் சிறப்பிக்க இட்ட பெயர் அது. படிகங்களின் உள்ளமைப்பை எக்ஸ்-கதிரால் கண்டுபிடிப்பதில் அவர் கைதேர்ந்தவர். இந்தக் கனிமத்தின் அணு அமைப்பை விடுவித்துக் கட்டுரை எழுதியதும் அவரே. தன் பெயரைத் தாங்கிய கல்லின் உள்வீட்டைத் தானே திறந்து காட்டும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்!

பிறந்துவிட்டால் நிலைத்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. எல் சல்வடோரில் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். மலை உச்சியில் நல்ல மழை. சூடான வெடிப்பின் வாயில் படிந்த இந்த நுண்படிகங்கள் மழைநீரில் கரைந்து போய்விடும். எரிமலை குளிர்ந்தாலும் புதிதாகப் படிவது நின்றுபோகும். பாறைகளைப் பற்றிப் பேசும்போது கோடிக்கணக்கான ஆண்டுகள் என்றே பேசிப் பழகியிருக்கிறோம். ஒரு மழைக்குத் தாங்காத கனிமமும் கனிமம்தான் என்பது எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். புவியின் வரலாற்றில் எத்தனை எரிமலைகளில் ஃபிங்கரைட் படிந்து, யாரும் பார்க்காமலே மழையில் போயிருக்கும்!

தண்ணீர் கிட்டவே வரக்கூடாத கனிமம் இது என்றால், தண்ணீரோடு இதே இரண்டு உலோகங்களும் சேர்ந்தால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு கனிமம் உண்டு: வோல்போர்தைட். ரஷ்யாவின் யூரல் பகுதியில், பெர்ம் வட்டாரச் செம்புச் சுரங்கத்திலிருந்து வந்தது. அலெக்சாண்டர் வான் வோல்போர்த் என்பவர் அதை முதலில் கவனித்தார். 1838-இல் வேதியியலாளர் ஹெஸ் அதை விவரித்தார். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது செம்புத் தாதுவைக் கொஞ்சம் கரைத்து, வேறோரிடத்தில் வனேடியத்தையும் கரைத்து, இரண்டையும் ஒரு பாறை இடுக்கில் சேர்த்துவைத்தால் மஞ்சள் கலந்த ஆலிவ் பச்சையில் செதில் செதிலாக வோல்போர்தைட் படியும். எரிமலை வேண்டாம், சாதாரணத் தரைச்சூடு போதும். இதில் வனேடியம் இரண்டுக்குச் செம்பு மூன்று, அதாவது மக்பர்னியைட்டின் அதே விகிதம். வோல்போர்தைட்டின் கலவையிலிருந்து தண்ணீரைமட்டும் கழித்துப் பார்த்தால் மக்பர்னியைட்டின் கலவை கிடைத்துவிடும். பதம் ஒன்று, பிறந்த வீடு வேறு. வோல்போர்தைட் அமெரிக்காவின் கொலராடோ மேட்டுநிலம், ஜெர்மனியின் ஃபிரீட்ரிக்ரோடா என்று பல ஊர்களில் கிடைக்கிறது. ஃபிங்கரைட்டின் விகிதத்தில் தண்ணீர் வழியாக ஒன்று எளிதில் வாய்த்திருந்தால் அதுவும் பல ஊர்களில் இருந்திருக்கும்.

2016-இல் ராபர்ட் ஹேசன், ஜெஸ்ஸி ஆசுபெல் என்ற ஆய்வாளர்கள் கனிமங்களின் அருமையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அன்று தெரிந்திருந்த கனிமங்கள் ஐயாயிரத்துக்கு மேல். பூமி மேலோட்டின் பெரும்பகுதியை நூற்றுக்கும் குறைவான கனிமங்களே நிரப்பிவிடுகின்றன. பாதியளவு, சுமார் 2,500 கனிமங்கள், ஐந்து இடங்களுக்கு மேல் கிடைக்காதவை. ஒரு கனிமம் அரிதாவதற்கு அவர்கள் நான்கு காரணங்களைச் சொன்னார்கள். உண்டாகத் தேவையான சூழல் மிகக் குறுகியதாக இருக்கலாம். தேவைப்படும் தனிமங்கள் அருகியோ சேராமலோ இருக்கலாம். உண்டானது சீக்கிரம் அழிந்துவிடலாம். அல்லது மனிதர் போய் எடுக்கமுடியாத இடத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவில் கிடக்கலாம். பெரும்பாலான அரிய கனிமங்களுக்கு இவற்றில் ஒன்றிரண்டு பொருந்தும். ஃபிங்கரைட்டுக்கு நான்கும் பொருந்துவதைப் பார்த்து அவர்கள் அதைத் தனியாக எடுத்துக் காட்டினார்கள்.

எரிமலைப் புகையில் செம்பு வனேடேட்டுகள் கிடைப்பது இசால்கோவோடு முடிந்துவிடவில்லை. ரஷ்யாவின் கம்சாட்கா தீபகற்பத்தில் தோல்பாச்சிக் எரிமலை 1975, 76-இல் நீளப் பிளந்து வெடித்தது. அந்தப் பிளவில் எழுந்த கூம்புகளின் வெடிப்புகள் கனிமவியலாளர்களுக்கு ஒரு பெரிய களஞ்சியமாகிவிட்டன. அவெரியெவைட், யாரோஷெவ்ஸ்கைட் என்ற செம்பு வனேடேட்டுகள் அங்கிருந்துதான் வந்தன. இரண்டிலும் குளோரினும் சேர்ந்திருக்கிறது. ஏறி வந்த வாகனம் கூடவே தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஃபிங்கரைட்டின் அதே கலவையை மனிதர் செய்யமுடியுமா என்றால், முடியும். விகிதம் நம் கையில் இருக்கிறதே! கால்டெக் ஆய்வாளர்கள் செம்பு, வனேடியக் கரைசல்களை இங்க்ஜெட் பிரிண்டர் முறையில் தகட்டில் புள்ளி புள்ளியாக அச்சடித்தார்கள், ஒவ்வொரு புள்ளியிலும் விகிதத்தைச் சற்றே மாற்றி. பிறகு சூளையில் சுட்டார்கள். 11-க்கு 6 உட்படக் குடும்பம் முழுவதும் அந்தத் தகடுகளில் வந்தது. கனிமம் என்ற பெயர் இயற்கையில் உண்டானதற்கே உரியது என்பதால் இதை ஃபிங்கரைட் என்று சொல்லமாட்டார்கள், செம்பு வனேடேட் என்றே சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியும் வெயிலை இந்தக் கலவைகள் நன்றாக விழுங்குகின்றன. அந்தச் சக்தியால் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கும் சாதனத்தில், ஆக்சிஜன் வெளிவரும் பக்கத்துத் தகடாக இவற்றைப் பயன்படுத்த முடியுமா என்று பார்க்கிறார்கள். அந்த வேலைக்கு வரும் பொருள் நாள்முழுக்கத் தண்ணீருக்குள் நிற்க வேண்டும். அதனால் எவ்வளவு மின்சாரம் வருகிறது என்பதோடு, எவ்வளவு செம்பும் வனேடியமும் தண்ணீரில் கரைந்துபோகிறது என்பதையும் சேர்த்தே அளக்கிறார்கள்.